நின்று நின்று போன வண்டி

வண்டி நிற்கப் போகிறது என்பது எனக்கு முதலில் வயிற்றில்தான் தெரியும். அடிவயிற்றை ஏதோ பிசையும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வேகம் கூடாது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பிறகு டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். என்ஜின் சத்தம் அடங்கிவிடும். பின்னால் வருகிற டெம்போக்காரன் ஹார்னில் வைத்த கையை எடுக்கமாட்டான். புனாவில் ஔந்த்திலிருந்து சாங்விக்குப் போகிற பாலத்தின் மேல், காலை ஷிஃப்ட் நேரத்தில், புத்தம்புதுக் காரோடு நட்டநடுவில் நிற்கிற பெண்பிள்ளையை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று என்னைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வேன்.

நான் இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவுப் பக்கமிருந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளுவேன். போகிற வருகிற யாராவது மனமிரங்கிக் கைகொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மடியில் டிபன் பையோடு இடது பக்க சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டியை வண்டி தள்ளவிட்டு உள்ளே கொலுவிருக்கும் மகாராஜா. பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உதவிக்கு வந்த ஒருவர் மராத்தியில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இறங்காததற்குக் காரணம் இருந்தது. அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு இரண்டு கண்ணிலும் அழுத்த நோய், க்ளாக்கோமா. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் விசித்திரம் என்னவென்றால், நேரே பார்ப்பது தெரியும். பேப்பர் படிப்பார், மணி பார்ப்பார். பக்கத்திலும் கீழேயும் இருப்பதுதான் தெரியாது. அதனால் வெளியே யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே அவர் சொன்னதுதான் கணக்கு.

"ஓரத்துல கொஞ்சூண்டு மங்கலு, அவ்ளோதான் அம்மிணி" என்பார். நானும் நம்பினேன்.

போசரியில் ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைசல் முடிந்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று முத்திரை போட வேண்டும். கண்ணால் பிழைக்கிற மனிதர். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் மறுநாளே அந்த நாற்காலி இருக்காது. மகள் அப்போதுதான் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் படித்து முடிக்கிற வரைக்குமாவது கம்பெனியில் ஒரு ஈ காக்காய்க்கும் விஷயம் தெரியக்கூடாது என்பது எங்கள் இருவருக்குள் ஒப்பந்தம். அவர் ஸ்கூட்டரில் போய் ஒரு காய்கறித் தள்ளுவண்டியில் மோதிய பிறகு ஸ்கூட்டரை விற்றோம். முட்டிவலி என்று கம்பெனியில் சொல்லிவைத்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கார் வாங்கினோம்.

தினமும் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கம்பெனியின் சின்ன கேட்டுக்கு நேராக இடது பக்கக் கதவு வருகிற மாதிரி நிறுத்த வேண்டும். அவர் இறங்கி, பார்வையைத் திருப்பாமல் நேரே உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான் திட்டம். அந்தத் திட்டம் முழுக்க அந்த வண்டியை நம்பி இருந்தது.

புனாவில் தசரா அன்று வண்டி எடுப்பது பெரிய விசேஷம். ஷோரூமில் சாமந்தி மாலை போட்ட கார்கள் வரிசையாக நின்றன. கோயிலில் சுண்டல் கொடுப்பதுபோல வரிசையில் நிற்க வைத்துச் சாவியைக் கையில் திணித்து அனுப்பினார்கள். ஒருவரும் எதையும் ஓட்டிக் காட்டவில்லை. வீடு வந்து சேர்வதற்குள்ளேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் ஹார்ன் தானாக அடித்தது. எங்கள் கட்டடத்துக்குள் திரும்பும்போது அது போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் வண்டிக்குப் பூசை. என் வீட்டுக்காரர் நாமக்கல்காரர், லாரிப் பட்டறையிலேயே வளர்ந்தவர். அவர் அப்பாவின் லாரிகளுக்கு அமாவாசை தவறாமல் பூசை நடக்கும். பானெட்டைத் திறந்து என்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வண்டியைச் சுற்றித் தேங்காய் உடைத்து, மூடியில் நிற்கிற தண்ணீரை என்ஜின் மேல் தெளிப்பார்கள். என்ஜினு குளுரோணும் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. இங்கேயும் கட்டடத்தின் கீழே, தூண்களுக்கு நடுவில், இருட்டுக் கட்டியிருந்த பார்க்கிங்கில், அவரே எல்லாம் செய்தார். ஐயரை வைத்துச் செய்யலாம் என்றதற்கு, "லாரிக்கு நாங்களேதான் பண்ணுவோம்" என்றார். நான் தட்டில் இருந்த கற்பூரம் அணையாமல் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

அடுத்த வாரம் வண்டி முதல் முறையாக நின்றது.

காசார்வாடியில், பழைய பம்பாய் ரோட்டின் மேலேயே, ஷோரூம்காரர்களின் சர்வீஸ் சென்டர் இருந்தது. டை கட்டிய ஒரு பையன் வண்டியில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "காடி ஏக்தம் ஓகே, மேடம்" என்றான். வண்டியில் ஒன்றுமே இல்லையாம். நடுரோட்டில் நின்றது ஓகே வண்டியா என்று கேட்டேன். எதற்கும் பார்க்கிறோம் என்று உள்ளே கொண்டுபோய் எதையெதையோ கழற்றி மாட்டினார்கள். சில நாட்கள் ஒழுங்காக ஓடியது. எனக்கு உயிர் வந்தது. மறுபடி நாசிக் பாட்டா சிக்னலில், பச்சை விழுந்த அந்த நொடியில் நின்றது.

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. நிற்கும், கொண்டுபோவேன், கழற்றி மாட்டுவார்கள், ஓடும், நிற்கும். இதற்கு நடுவில் சில்லறைக் கோளாறுகள் வேறு. கண்ணாடி கீழே இறங்கினால் மேலே வராது. மேலே வந்தால் இறங்காது. ஹார்னைச் சரிசெய்தோம் என்பார்கள், கட்டடத்துக்குள் திரும்பும்போது அது இல்லை என்று கத்தும். அதையெல்லாம் நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. வண்டி கத்தட்டும், கண்ணாடி இறங்கட்டும், போசரி வரைக்கும் நிற்காமல் போனால் போதும் என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தால் அந்த வண்டி தங்கமாக நடந்துகொள்ளும். மெக்கானிக் ஓட்டுவான், நிற்காது. மானேஜர் ஓட்டுவார், நிற்காது. விருந்தாளி முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற போக்கிரிப் பிள்ளை மாதிரி. கடைசியில் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. நான்தான் காரணம். மேடம் க்ளட்ச்சிலிருந்து காலை எடுப்பதில்லை. மேடம் புதிதாகக் கற்றுக்கொண்டவர். எந்தப் புகாரைச் சொன்னாலும் என் காலையே பார்த்தார்கள்.

கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரும் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தார். பாலம் ஏறும்போது, "க்ளட்ச்ச மெல்லமா விடு அம்மிணி" என்பார்.

"மெல்லமாத்தானுங்க விடறேன். உங்குளுக்கும் என்ற காலு மேலதான் கண்ணா?"

கண் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

வண்டி நின்ற நாட்களில் அவரை ஆட்டோவில் ஏற்றிவிடுவேன். ஆட்டோக்காரன் கேட்டுக்கு எதிர்ப்புறம் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஷிஃப்ட் கூட்டத்துக்கு நடுவில் அவர் ரோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நாள் கேட் ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிள் மேல் விழுந்து, டிபன் திறந்து, சோறு முழுக்க மண்ணில். இன்னொரு நாள் தாமதமாகப் போனதில் அவர் மேலதிகாரி உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். முட்டிவலி இத்தனை நாளா என்று கேட்டு, கம்பெனி டாக்டரிடம் ஒரு தடவை முழு உடம்பையும் காட்டிவிடுங்களேன் என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். கம்பெனி டாக்டர் முதலில் பார்ப்பதே கண்ணைத்தான்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. சாவியைத் திருப்புகிற போது, இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு மட்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஒவ்வொரு சிக்னலிலும் வேண்டிக்கொள்வேன். அந்தப் பாலத்தின் மேல் போகும்போது, இந்தச் சனியனை அப்படியே ஆற்றில் தள்ளிவிட்டு ஒரு மூச்சு அழுதால் என்ன என்று தோன்றும்.

நாமக்கல்லிலிருந்து நாத்தனார் போனில் தீர்ப்புச் சொன்னாள். "புது வண்டிக்குக் கண்ணு பட்டுப்போச்சு. அமாவாசைக்கு அமாவாசை நல்லாச் சுத்திப் போடோணும். தேங்காத் தண்ணிய நெறையாத் தெளிக்கச் சொல்லு."

அவரும் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பெரிய தேங்காயாக வாங்கிவரச் சொன்னார். நான் கற்பூரத்தைக் காத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். பூசை முடிந்த சில நாட்களில் வண்டி இன்னும் மோசமாகும். எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது.

மாசி மாதம் என்று நினைக்கிறேன், ஒரு வாரத்திலேயே மூன்றாவது தடவையாக நின்றபோது நான் பொறுமை இழந்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய், மானேஜர் மேசை முன் நின்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இந்தி பாதியிலேயே தீர்ந்துவிட்டது, மீதியைத் தமிழில் கத்தினேன். வேறு வண்டி கொடுங்கள், இல்லையென்றால் இங்கேயே உட்காருவேன் என்றேன். வண்டி எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மானேஜர் நிதானமாக எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த சாவியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். "சாப், ஆப் சலாயியே" என்றார். நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன், உங்கள் கையில் வண்டி நின்றால் கார் கம்பெனிக்கு இன்றே எழுதுகிறேன் என்றார்.

அவர் சாவியைப் பிடித்தபடி நின்றார். அவர் ஓட்ட முடியாது. ஏன் முடியாது என்று சொல்லவும் முடியாது. காசார்வாடிக்கும் போசரிக்கும் என்ன தூரம்? இங்கே சொன்னது அங்கே போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? முட்டிவலி என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, லேசாகச் சிரித்து, "நயி நயி சீக்கி ஹை, சாப். கல்த்தி உஸீகி ஹோகி" என்றார்.

புதிதாகக் கற்றவள், தப்பு அவளுடையதாகத்தான் இருக்கும். என் இந்தி மோசம்தான், ஆனாலும் அது முழுக்கப் புரிந்தது. மானேஜரும் சிரித்தார். டை கட்டிய பையனும் சிரித்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியும் அன்று பார்த்து ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவர் இரண்டு தடவை "அம்மிணி" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. நாற்பது வயதுக்கு மேல் இவருக்காக ஸ்டியரிங்கைப் பிடித்து, ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்க, நடுரோட்டில் வண்டி தள்ளினேனே, அதற்கெல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தானா என்று இருந்தது. அந்த வாரம் முழுவதும் சாப்பிட வாங்க, மருந்து போட்டாச்சா, இந்த இரண்டைத் தவிர நான் அவரிடம் பேசவில்லை.

அமாவாசை வந்தது. பூசைக்குக் கூப்பிட்டார். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அவர் தனியாகவே செய்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வண்டியைத் துடைக்கக் கீழே போனேன். முன் சக்கரத்தின் மேல் எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. சின்னச் சிவப்பெறும்பு. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு எறும்பின் குணம் தெரியாதா? இனிப்பு இல்லாத இடத்துக்கு அது வேலை மெனக்கெட்டு ஏறாது. சாரை சக்கரத்தைத் தாண்டி உள்ளே போயிற்று. பானெட்டைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பொட்டு. நேற்று வைத்த சந்தனம் குங்குமம். அது என்ஜின் மேல் இல்லை. ஓரத்தில், கண்ணாடி கழுவுகிற தண்ணீர் டப்பாவின் மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் போன மாதத்துப் பொட்டு, காய்ந்து வெளுத்து, அதுவும் ஓரத்தில்தான். பொட்டுகளை ஒட்டி ஒரு கற்றை வயர் கீழே இறங்கியது. அந்த வயர்கள் ஒன்றோடொன்று சேர்கிற பிளக்கின் மேல் பாகு மாதிரி பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. எறும்புகள் அங்கே மொய்த்தன.

பிறகு மாடிக்குப் போய், "ஏனுங்க, கொஞ்சம் கீழ வாங்க" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நானாகப் பேசியதில் அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தார்.

"எறும்பப் பாருங்க."

"எங்க அம்மிணி?"

"இங்கதானுங்க. உங்க கைகிட்ட."

வண்டி ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். என்ஜினைப் பார்த்தார், பாட்டரியைப் பார்த்தார். ஊன்றியிருந்த கையின் மேலேயே எறும்புகள் ஏறிப்போய்க்கொண்டிருந்தன. "ஒண்ணையுங் காணமே" என்றார். ஒரு எறும்பு கடித்த பிறகுதான் கையை உதறினார்.

ஓரத்துல கொஞ்சூண்டு மங்கலு என்றவர் இவர்தான். என் ஒரு வாரத்துக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம்தான் வந்தது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தப் பிளக்கின் மேல் வைத்தேன்.

"பிசுபிசுன்னு இருக்குது. என்னது இது?"

"தேங்காத் தண்ணிங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. "நான் என்ஜினு மேலதான தெளிச்சேன்?"

ஆமாங்க என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கட்டைவிரலைப் பிளக்கின் மேல் ஊன்றி, மற்ற விரல்களை விரித்து, தடவிக்கொண்டே என்ஜின் வரைக்கும் அளந்தார். ஒரு சாணுக்கு மேல் இருந்தது. மயிரிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற மனிதர்.

"இத்தன தள்ளியா?" என்றார். அப்புறம் வண்டியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன். பால்காரன் எங்களைத் தாண்டிப் போனான், யாரோ செத்துப்போனதாக நினைத்திருப்பான்.

சர்வீஸ் சென்டருக்கு நான் மட்டும் போய் விரலை வைத்துக் காட்டினேன். பிளக்கைக் கழற்றியதும் உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, அதனால்தான் என்ஜினுக்குப் போகிற கரன்ட் விட்டு விட்டுப் போயிருக்கிறது. அதை மாற்றினார்கள். மானேஜர் இதற்கும் மேடம்தான் காரணம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். ஹார்னை மட்டும் அவர்களால் கடைசி வரை சரிசெய்ய முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் போசரிக்குக் கிளம்பினோம். பாலம் வந்தது, போயிற்று. நாசிக் பாட்டாவில் பச்சை விழுந்தது, வண்டி கிளம்பியது. பழக்கதோஷத்தில் என் வயிறு பிசைந்துகொண்டே இருந்தது, வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை மாதம் எதற்காகத் தவம் கிடந்தேனோ அது நடந்தபோது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. கம்பெனித் தெருவுக்குள் இடது பக்கம் ஒடித்தபோது ஹார்ன் வீலென்று கத்தியது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்ன கேட்டுக்கு நேராக நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்தார், இறங்கவில்லை. மடியில் இருந்த டிபன் பையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரைக்கும் கூட வர்றியா அம்மிணி?" என்றார்.

"எல்லாரும் பாக்கறாங்கங்க."

"பாக்கட்டும்."

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிச் சுற்றிப் போய் அவர் கையைப் பிடித்தேன். ரோட்டில் கைபிடித்து நடக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி எனக்குக் குறுக்கே கையை நீட்டி, இந்தம்மா யார் என்று அவரிடம் கேட்டான். பின்னால் கூட்டம் நின்றது. அவர் மேலதிகாரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

"கர்வாலி ஹை" என்றார் என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "முஜே டீக் ஸே திக்தா நஹி. காடி யஹி சலாத்தி ஹை."

என் சம்சாரம், எனக்குக் கண் சரியாகத் தெரியாது, வண்டி ஓட்டுவது இவள்தான். செக்யூரிட்டி கையை எடுத்துவிட்டான். நான் நடக்கத் தொடங்கினேன். அவர் நகரவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருப்பதுபோல் நின்றார்.

"அச்சா சலாத்தி ஹை" என்றார். நல்லா ஓட்டுவா.